வியாழக்கிழமையே வந்த ஞாயிறு

ஊருக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் இணைப்பிதழ், எங்கள் அக்கா வீட்டுக்கு வியாழக்கிழமையே வந்துவிடும். அத்தானுக்குச் செய்தித்தாள் அச்சகத்தில் வேலை. இணைப்பிதழை முன்கூட்டியே அடித்து அடுக்கிவிடுவார்கள். சனிக்கிழமை அதை நாளிதழுக்குள் செருகுவது அத்தானும் அவர் கூட்டாளிகளும்தான். வண்ணம் விலகி அச்சான பிரதிகள் கழிவுக்குப் போகும். அதில் ஒன்றைச் சாப்பாட்டுப் பையில் சுருட்டிக்கொண்டு வருவார். அட்டைப்பட நடிகைக்கு இரண்டு ஜோடி உதடு இருக்கும். அக்கா அதற்கும் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

எனக்கோ அந்தப் புத்தகத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு பக்கத்தில் இடுப்பு குறைய வழி, புரட்டினால் வெண்ணெய் கேக். பணக்காரர் வீட்டு வரவேற்பறை, வாரபலன், மிச்சமெல்லாம் விளம்பரம்.

"எதுக்குக்கா இந்தக் குப்பை?" என்பேன்.

"போடி. வாரம் பூரா மெஷின்ல குனிஞ்சு காலர் தைக்கிறேன். எனக்குன்னு வீட்டுக்கு வர்றது இது ஒண்ணுதான்" என்பாள்.

அதில் ஒரு தொடர்கதை. புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனவள் வீடு திரும்புவாளா, மாட்டாளா என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அதற்குள் அக்காவுக்குக் குடலில் கட்டி வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். டாக்டர் கையை விரித்துவிட்டார். அது அவளுக்கும் தெரியும்.

"அவ வீட்டுக்கு வந்தாளான்னு மட்டும் தெரிஞ்சிட்டா போதுங்க" என்று அத்தானிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசி அத்தியாயம் அந்த வாரம் வரவேண்டும்.

வியாழக்கிழமை அத்தான் முகம் செத்துப்போய் வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே என்னிடம் இதழை விரித்துக் காட்டினார். கதை இருக்கவேண்டிய இடத்தில் பக்கம் முழுக்க மெத்தை விளம்பரம். மூலையில், 'முடிவு அடுத்த வாரம்.'

"கடைசி நேரத்துல விளம்பரம் வந்துச்சாம். கதையைத் தூக்கிட்டாங்க."

பாவிகள்! அடுத்த வாரம் இவளுக்கு எங்கே இருக்கிறது?

அத்தான் உள்ளே போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த மெத்தையைப் பார்த்தபடியே கதை வாசித்தார். அவள் திரும்பி வருகிறாள். கதவு திறந்தே கிடக்கிறது. புருஷன் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறான். நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்கிறான். அவ்வளவுதான். வாழ்க்கையில் ஒரு கடிதம்கூட எழுதியிராத மனுஷன் எங்கள் அத்தான்!

அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இது அந்தக் கதைக்காரர் எழுதினது இல்லையே. அவருக்குப் பாத்திரம் கழுவுறதெல்லாம் எழுத வராது" என்றாள்.

அத்தான் இதழை இறக்கி அவளைப் பார்த்தார்.

"இருக்கட்டும். இதுவே நல்லாருக்கு. இன்னொரு தடவை படிங்க."

படித்தார். சனிக்கிழமை அக்கா போய்விட்டாள்.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அத்தான் சில நாளிலேயே வேலைக்குத் திரும்பிவிட்டார். அடுத்து வந்த வியாழக்கிழமை சாயங்காலம் நான்தான் அங்கே சமைத்துக்கொண்டிருந்தேன். அவர் செருப்பைக் கழற்றும்போதே பையிலிருந்து இதழை உருவி, படுக்கையறைப் பக்கம் பார்த்து, "இந்தா, முடிவு வந்திருச்சு!" என்று குரல் கொடுத்தார்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார்.

அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை நிற்கவில்லை. கொஞ்சம் அடங்கியதும் இதழை எடுத்தேன். "படிக்கட்டுமா அத்தான்?"

"வேண்டாம்மா. அவ வந்துட்டான்னு உங்க அக்காகிட்ட சொல்லியாச்சு. அதுக்கு மேல எனக்கு எதுவும் தெரிய வேண்டாம்."