ஸ்டெல்லாவின் எழுத்துகள்

ஆம்பூர்க் கடையொன்றில் செருப்பு வாங்கும்போது புதுத் தோலின் வாசனை வந்தது. உடனே அம்மாவின் மடி நினைவுக்கு வந்தது. அது என் தங்கை ஸ்டெல்லாவுக்குக் கிடைத்த மடி.

அம்மா ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்தாள். ஸ்டெல்லாவுக்கு எழுத்துகள் குழம்பும். 'படம்' என்பதை 'மடம்' என்று படிப்பாள். டீச்சர் அவளை மக்கு என்று திட்டிய பிறகு, அம்மா மிச்சத் தோலில் எழுத்துகளை வெட்டிக்கொண்டு வந்தாள். சாயங்காலம் ஸ்டெல்லாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் விரலால் தடவித் தடவிப் படிக்கச் சொல்வாள். நான் நன்றாகப் படிப்பேன். அதனாலேயே என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பொறாமை தாங்காமல் ஒருநாள் நானும் வேண்டுமென்றே 'மடம்' என்று படித்தேன்.

"இன்னாடி, உனக்குமா?" அம்மா பதறி என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

நான்கு நாள் அந்தச் சுகம் நீடித்தது. ஐந்தாம் நாள் ஸ்டெல்லா சொன்னாள்: "அக்கா பொய்யா தப்பு பண்றாம்மா. நெஜமா தெரியலன்னா இவ்ளோ வேகமா படிக்க வராது. பயமா இருக்கும்."

அம்மா என்னை அடிக்கவில்லை. ஸ்டெல்லாவை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

இப்போது ஞாயிறுதோறும் சர்ச்சில் ஸ்டெல்லாதான் பைபிள் வாசிக்கிறாள். கூடவே அம்மாவின் உதடுகளும் அசைகின்றன. இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது.