அரை பாட்டில் தண்ணீர்

பல் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் அவளை ‘அவ்ளோதான் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் நோயாளியின் வாய்க்குள் குடைந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது அவள் வேலை. நாற்காலியில் கிடக்கிறவரின் விரல்கள் கைப்பிடியை இறுக்கத் தொடங்கியதும் காதருகே குனிந்து, “அவ்ளோதான், அவ்ளோதான், முடிஞ்சிடுச்சு, சூப்பரா ஒத்துழைக்கிறீங்க” என்பாள். முடிந்திருக்காது. சில சமயம் அப்போதுதான் ஆரம்பித்திருக்கும். ஆனாலும் மரத்துப்போகிற ஊசியைவிட இந்த வார்த்தைக்கு வலு அதிகம் என்று டாக்டரே ஒப்புக்கொள்வார். பதினெட்டு வருஷமாக இந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு மலை ஓட்டப் பைத்தியம் பிடித்தது. கடைவாய்ப் பல் பிடுங்க வந்த தபால்காரர் ஒருவர்தான் காரணம். பல் போன இடத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் கொஞ்சம் பேர் மலைப்பாதையில் ஓடுகிறோம், நீங்களும் வாங்க என்றார். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் இவ்வளவு கஷ்டப்பட்டுக் கூப்பிடும்போது முடியாது என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அவள் கணவன் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன், எதையும் காரணம் கேட்காமல் விடமாட்டான். “பின்னாடி யாராவது துரத்துறாங்களா? அப்புறம் எதுக்கு ஓடுற?” என்று கேட்டான். அவள் போய் ஷூ வாங்கிவிட்டாள்.

முதல் ஞாயிறு, இரண்டாவது வளைவிலேயே மூச்சு முட்டி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கேதான் ஊருக்குக் கொடுக்கிற மருந்தைத் தனக்கே கொடுத்துப் பார்த்தாள். அந்தப் பாறை வரைக்கும், அவ்ளோதான். பாறை வந்ததும், அந்த மின்கம்பம் வரைக்கும், அவ்ளோதான். கால்களுக்கு என்ன தெரியும், அவை நம்பின. தபால்காரர் ஒருநாள் போகிற போக்கில் “பரவாயில்லையே, ஏத்தத்துல நடக்காம வந்துட்டீங்க” என்றார். அந்த ஒரு ‘பரவாயில்லையே’யை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாசம் ஓடினாள். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. மேடேறுகிற எல்லாரும் இப்படி எதையாவது பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள்.

ஆனால் எல்லாப் பிடிமானமும் ஒன்றல்ல. ஒருநாள் ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்கி நின்றிருந்த ஒருவரைத் தாண்டிப் போனாள். அவர் அவளைவிட இருபது வயது மூத்தவர், அதுவும் சளிப் பிடித்திருந்தவர். அதெல்லாம் கணக்கில் வரவில்லை. தாண்டினாள், நெஞ்சு நிமிர்ந்தது, காலில் எங்கிருந்தோ புதுத் தெம்பு வந்தது. அன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. வாய்விட்டு இல்லை, மனசுக்குள். நம் ஆள் கெட்டவள் இல்லை, ஆனால் இந்த இடத்திலிருந்து அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது.

மலையில் ஒரு வழக்கம் உண்டு, தபால்காரர் அதில் ரொம்பக் கறார். பாதையில் யாராவது உட்கார்ந்திருந்தால் நின்று, “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்க வேண்டும். பதில் வருகிற வரைக்கும் நகரக் கூடாது. அவர்களுக்கு என்ன வேண்டுமோ, நம்மிடம் இருந்தால் கொடுக்க வேண்டும். போட்டி நாளென்றால், வழியில் தண்ணீர் வைத்திருக்கும் அடுத்த மேஜையில் அவர்களுடைய நம்பரைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அவள் இதில் முதல் பாதியை மட்டும் ரொம்ப ஆசையாகப் பிடித்துக்கொண்டாள். “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்கிறவர் தாண்டுகிறவர், கேட்கப்படுகிறவர் தாண்டப்படுகிறவர். பத்தடி தூரத்திலேயே குரல் கொடுப்பாள். பதில் வரும்போது முதுகைக் காட்டிக்கொண்டிருப்பாள்.

போன வருஷம் இருபத்தொரு கிலோமீட்டர் போட்டிக்குப் பேர் கொடுத்தாள். நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பதினெட்டாவது கிலோமீட்டரில் கடைசி மேஜை, அங்கே மூன்றரை மணி நேரத்துக்குள் வராதவர்களை மேற்கொண்டு ஓட விடமாட்டார்கள். அவள் மூன்று நிமிஷம் தாமதமாகப் போனாள். மேஜைக்காரப் பெண் அழகாகச் சிரித்துக்கொண்டே நெஞ்சிலிருந்த நம்பர் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். காலித் தண்ணீர்க் கேன்களுக்கு நடுவே ஜீப்பில் உட்கார வைத்துக் கீழே அனுப்பினார்கள். முடிவுக் கோட்டில் கணவன் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கத் தயாராக நின்றான். அவன் எடுத்தது, மனைவி ஜீப்பிலிருந்து பின்பக்கமாக இறங்குவதைத்தான். உடனே அழித்துவிட்டான், பாவம், ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அவன் பேசாததுதான் அவளுக்கு ரொம்ப அவமானமாக இருந்தது. மருத்துவமனையில் கேட்டவர்களிடம் கால் பிசகிவிட்டது என்று சொன்னாள். அவள் கால் நன்றாகவே இருந்தது.

ஆக, இந்த வருஷம் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த மேஜையை நேரத்துக்குள் தாண்ட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

பதினாறரைக் கிலோமீட்டர் வரைக்கும் பத்துப் பேரைத் தாண்டியிருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு வளைவில், பாதையோரக் கல்லில், மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். உதடு வெளுத்து வெடித்திருந்தது.

“நல்லா இருக்கீங்களா?” என்று அக்கா பத்தடி தள்ளியே கேட்டாள்.

“அக்கா, கொஞ்சம் தண்ணி இருக்குமா?”

இந்தத் தடவை பதில் முதுகுக்குப் பின்னால் வரவில்லை, முகத்துக்கு நேரே வந்தது. முதுகுப் பையில் அரை பாட்டில் தண்ணீர் இருந்தது. பையைக் கழற்றி, பாட்டிலை எடுத்துக் கொடுத்து, அவள் குடித்து முடிக்க ஒரு நிமிஷம் ஆகும். ஒன்றரை நிமிஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி மேஜையில் கேன் கேனாகத் தண்ணீர் இருக்கிறது, தனக்கும் குறையப்போவதில்லை. இதெல்லாம் அவளுக்கு அந்த நொடியிலேயே தெரியும். தெரியாமல் செய்தாள் என்று சொல்லி அவளைக் காப்பாற்ற நான் தயாராக இல்லை. நின்றால் கால் மறுபடி கிளம்பாது என்று பயந்தாள். ஜீப் ஞாபகம் வந்தது. வாய் அதுபாட்டுக்குத் திறந்தது.

“அவ்ளோதான், முடிஞ்சிடுச்சு! இதோ கீழ தண்ணி இருக்கு. சூப்பரா பண்றீங்க, விடாதீங்க!”

மருத்துவமனைக் குரல், அதே குழைவு. சொல்லிக்கொண்டே தாண்டிவிட்டாள். மனசு எண்ணியது: பதினொன்று.

மேஜைக்கு வந்தபோது நாலு நிமிஷம் மிச்சம் இருந்தது. “பின்னாடி யாராவது கஷ்டப்படுறாங்களா?” என்று மேஜைக்காரப் பெண் கேட்டாள். போன வருஷம் நம்பரைக் கழற்றிய அதே பெண்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அக்காவுக்கு அங்கே ஒரு நொடிகூட நிற்கப் பிடிக்கவில்லை. “வந்துட்டிருக்காங்க” என்று சொல்லிவிட்டு ஓடினாள். அங்கே தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மூன்று மணி ஐம்பத்து நாலு நிமிஷத்தில் முடித்தாள். கணவன் போனோடு நின்றான். கோட்டைத் தாண்டியதும் கையைத் தூக்கினாள், சிரித்தாள். வெயில் தாங்காமல் பையிலிருந்த பாட்டிலை எடுத்து, மிச்சமிருந்த தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டாள். போட்டோ அற்புதமாக வந்தது. தண்ணீர்த் துளி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

தலை துவட்டிக்கொண்டிருந்தபோதுதான் தபால்காரர் வேகமாக வந்தார். ஓட்டக்காரர்களில் ஒருவரைக் காணவில்லை என்றார். எல்லாருக்கும் கடைசியில் நடந்து வரும் தொண்டர்கள் கடைசி மேஜைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள், எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. மஞ்சள் தொப்பி போட்ட பெண் என்றார். அக்கா துண்டை முகத்தோடு வைத்துக்கொண்டாள். எங்கே பார்த்தேன் என்பதை மட்டும் சொன்னாள். தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் தேடினார்கள். கல்லிலேயே உட்கார்ந்திருந்தால் பின்னால் வந்த தொண்டர்கள் இருபது நிமிஷத்தில் பிடித்திருப்பார்கள், அவர்களிடம் தண்ணீர், உப்புக் கரைசல் எல்லாம் இருந்தது. அவள் எழுந்து நடந்திருக்கிறாள். தலைசுற்றலில் வழி காட்டும் ரிப்பனைத் தவறவிட்டு வேறு பாதையில் இறங்கி, ஒரு புதருக்கடியில் விழுந்து கிடந்தாள். ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். “பக்கத்துலயே தண்ணி இருக்குன்னு யாரோ சொன்னாங்களாம், அதான் எழுந்திருச்சு நடந்திருக்காங்க” என்று தபால்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தப் பெண் இரண்டு நாளில் வீடு திரும்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டாள். உயிருக்கு ஒன்றுமில்லை. அப்பாடா என்று இருந்தது, அப்பாடா என்று இருந்ததற்கும் வெட்கமாக இருந்தது. இதற்கிடையில் டாக்டர் அந்தப் போட்டோவைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மாட்டிவிட்டார். பார்க்கிறவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்றார். பல் வலியோடு வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, “அக்கா, கலக்கிட்டீங்க” என்றார்கள். தலையில் வழிகிற அந்தத் தண்ணீரை ஒவ்வொரு நோயாளியைக் கூப்பிடப் போகும்போதும் அவள் பார்க்க வேண்டியிருந்தது. புதன்கிழமை ஒருவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கும்போது விரல்கள் கைப்பிடியை இறுக்கின. அவள் குனிந்தாள். வாய் வரவில்லை. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகும்” என்று நோயாளியிடம் உள்ளதைச் சொன்னாள். அவர் பயந்து வாயை மூடப் பார்த்தார். டாக்டருக்குக் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போகவே கூடாது என்றிருந்தாள். கணவன்தான், “ஒரு மாதிரியா இருக்க. போய் ஓடிட்டு வா, சரியாயிடும்” என்று கொண்டுபோய் விட்டான்.

மலையடிவாரத்து வண்டி நிறுத்தத்தில் குழு வட்டமாக நின்று காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தது. வணக்கம் சொல்லிக்கொண்டே போனவள் அப்புறம்தான் பார்த்தாள், நடுவில் மஞ்சள் தொப்பி.

“வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்” என்றார் தபால்காரர். “இவங்க மருந்துக்கடையில வேலை பாக்குறாங்க. நம்ம குழுவுல சேரணும்னு வந்திருக்காங்க.”

மருந்துக்கடைப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நீங்க ‘வணக்கம்’னு சொன்னதுமே குரல வச்சு கண்டுபிடிச்சிட்டேன். உங்களுக்கு முன்னாடி எட்டு பேர் என்னைத் தாண்டிப் போனாங்கக்கா. ஒருத்தர்கூட வாயத் திறக்கல. நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க. நீங்க சொன்னத நெனச்சுக்கிட்டுதான் எழுந்தே நின்னேன்.”

யாரோ கை தட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள். “நான் சொல்லிக் குடுத்தது வீண் போகல” என்று தபால்காரர் பெருமையாகச் சொன்னார். அக்காவுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தாள். இப்போது சிரித்து வைத்தால் போதும், ஆயுசுக்கும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு கணம் சிரிக்கத்தான் போனாள், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் பிடித்த கையை விடுவித்துக்கொண்டாள்.

“என்கிட்ட தண்ணி இருந்துச்சும்மா.”

முதுகுப் பையைத் தொட்டுக் காட்டினாள்.

“அரை பாட்டில் இருந்துச்சு. நிக்க மனசு வரல. முடிச்சதும் அத என் தலையில ஊத்திக்கிட்டேன். மேஜையிலயும் உன் நம்பரச் சொல்லல.”

தபால்காரர் தரையைப் பார்த்தார். மருந்துக்கடைப் பெண் மட்டும் முகம் மாறாமல் நின்றாள்.

“தெரியும்க்கா” என்றாள். “நீங்க ஓடும்போது பையில குலுங்குற சத்தம் கேட்டுச்சு.”

“கேட்டுச்சா? அப்புறம் ஏம்மா இங்க வந்து...”

“உங்களுக்கும் வேணுமில்ல? என்னைய மாதிரி கடைசியில வர்றவளுக்கு எதுக்கு நின்னு குடுக்கணும்னு நானே நெனச்சுக்கிட்டேன். ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போனீங்களே, அதுவே எனக்குப் பெருசா இருந்துச்சு.”

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள், அது முகத்திலேயே தெரிந்தது. அக்கா திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தாள். நாலு பேர் நடுவில் அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், அதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

“அக்கா, நான் ரொம்ப மெதுவாத்தான் ஓடுவேன். இன்னைக்கு உங்க கூடவே வரட்டுமா?” என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். முடியாது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவள் முகத்தில் இருந்தது.

அக்காவால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.