‘குட்’ என்ற சொல்லுக்கு நான் சொல்லாமல் விட்ட பொருள்

என்னிடம் ஆங்கிலம் படித்த அக்காவின் நோட்டில் அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று இன்றும் என்னால் வரி பிசகாமல் சொல்ல முடியும். நடுவில் அளவுகோல் வைத்துப் போட்ட ஒரு கோடு. இடது பக்கம் ‘கேன்’, அதற்கு நேராக ‘முடியும்’. வலது பக்கம் ‘குட்’, அதற்கு நேராக ‘முடிந்தது’. அதன் கீழே சின்ன எழுத்தில், ‘நல்லது என்கிற குட் இல்லை’ என்று தனக்குத்தானே ஓர் எச்சரிக்கை. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துதானே. பலகையில் நான் எழுதிப்போட்டதைத்தான் அவர் அப்படியே பார்த்து எழுதியிருந்தார். அவர் எழுதியதில் பிழை எதுவும் இல்லை. பிழை பலகையில் இருந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில், ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காலை பத்தரை மணி வகுப்பு பெண்களுக்கானது. அக்கா இரும்புலியூரிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். வகுப்பில் யாருக்கும் அது விசித்திரமாகப் பட்டதில்லை. மேலே ஏறி வந்ததும் பர்தாவின் முகத்திரையைப் பின்னால் தள்ளிவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தைய நாள் பாடத்தை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார். அவருடைய கணவர் போலந்தில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். வீட்டில் மாமியாரும், பிளஸ் ஒன் படிக்கும் மகளும். மாலைகளில் அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தார். வகுப்புக்கு வந்ததே அந்த வேலைக்காகத்தான். அடுக்குமாடிகளிலிருந்து கூப்பிடுகிறவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவார்களாம். “அவங்க பேசறது முக்காவாசி புரியுது மிஸ். திருப்பிச் சொல்லத்தான் வாய் வர மாட்டேங்குது” என்று முதல் நாளே சொன்னார்.

கேனும் குட்டும் முதல் நிலைப் பாடத்தில் ஒரே ஒரு மணி நேரம்தான். கேன் இன்றைக்கு, குட் நேற்றைக்கு. ஐ கேன் ஸ்விம், என்னால் நீந்த முடியும். ஐ குட் ஸ்விம், அப்போது முடிந்தது. ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். அக்கா எழுந்து, திருமணத்துக்கு முன்பு தன்னால் ஒரே மூச்சில் மூன்று மாடி ஏற முடிந்தது, இப்போது இந்த ஒரு மாடிக்கே மூச்சு வாங்குகிறது என்று பொருள்படும்படி, இரண்டு சொல்லையும் அதனதன் இடத்தில் வைத்துச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு உட்காராமல் நின்றுகொண்டே ஒன்று கேட்டார். “மிஸ், ஃபோன்ல ஒரு அம்மா ‘குட் யூ சேஞ்ச் மை அப்பாயின்மென்ட்’னு கேட்டாங்க. அவங்க நாளைக்கு வர்றதப் பத்தித்தான் பேசறாங்க. அது எப்படி முடிஞ்சதுன்னு ஆகும்?”

நல்ல கேள்வி. அந்தச் சொல்லின் கதவே அதுதான். பணிவாகக் கேட்பதற்கும், நடக்குமோ நடக்காதோ என்று சொல்வதற்கும் அதே சொல்தான் வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நிறுவனம் கொடுத்த புத்தகத்தில் அது இரண்டாம் நிலையில் இருந்தது. மணி பதினொன்றே முக்கால் ஆகியிருந்தது, எனக்குப் பசி வேறு. “அதெல்லாம் அடுத்த லெவல்ல வரும்க்கா. இப்ப குழப்பிக்காதீங்க” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை அக்கா வகுப்புக்கு வரவில்லை. வியாழக்கிழமை நான் போனபோது, இன்னும் திறக்காத கதவுக்கு முன்னால், மாடிப்படியின் கடைசிப் படியில் அவர் உட்கார்ந்திருந்தார். அருகில் மகள், பள்ளிச் சீருடையில். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தே ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை அவர் கணவரின் வலது காலில், முழங்காலுக்குக் கீழே, ஒரு இரும்புத் தகடு விழுந்திருக்கிறது. அறையில் கூடத் தங்கியிருந்த ஒரிசாக்காரர் கூப்பிட்டு இந்தியில் ஏதோ சொல்லியிருக்கிறார். ‘ஆப்பரேஷன்’ என்ற சொல்லைத் தவிர இவருக்கு வேறெதுவும் பிடிபடவில்லை. புதன்கிழமை மதியம் இரண்டு மணிவாக்கில் அதே எண்ணிலிருந்து ஒரு மருத்துவர் ஆங்கிலத்தில் பேசியிருக்கிறார். அக்கா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, நோட்டைப் பிரித்து வைத்து, காதில் விழுந்ததையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். அதில் ஒரு வாக்கியத்தை மருத்துவர் இரண்டு முறை சொன்னாராம், மெதுவாக, இவருக்குப் புரிய வேண்டும் என்று. ‘ஹீ குட் லூஸ் த லெக்.’

லூஸ் என்றால் இழப்பது. அது அவருக்குத் தெரியும். குட் என்றால் என்ன என்று முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார். முடிந்தது. நேற்றைக்கு. பள்ளியிலிருந்து வந்த மகளிடமும் காட்டியிருக்கிறார்; அவளுடைய பள்ளிப் பாடத்திலும் அதே பட்டியல்தான் இருந்தது. கால் போய்விட்டது என்று இருவரும் முடிவுக்கு வந்தார்கள். மாமியாரிடம் சொன்னார்கள். அந்த அம்மா தொழுகைப் பாயில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோவில் கணவரே வந்தார், மருந்து மயக்கத்தில், பாதிக் கண்ணைத் திறந்தபடி. இத்தனை தூரத்தில் தனியாகக் கிடக்கும் மனிதரிடம் அழக்கூடாது என்று அக்கா மனதைக் கல்லாக்கிக்கொண்டு, ஆறுதல் சொல்லியிருக்கிறார். கால் போனால் போகட்டும், நீங்கள் வந்தால் போதும், நான் சம்பாதிக்கிறேன் என்று. அந்தப் பக்கம் அவர் தலையைத் தூக்கிக் கீழே பார்த்தாராம். பிறகு ஃபோன் கையிலிருந்து நழுவி, கூரை தெரிந்தது. யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

“நீங்க ஒருதடவ பேசிக் கேளுங்க மிஸ். அடுத்து என்ன பண்ணணும்னு கேளுங்க” என்று நோட்டை நீட்டினார்.

அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். நம் மொழியில் ‘போகலாம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. வா, போகலாம் என்றால் புறப்படுவது. நீ போகலாம் என்றால் அனுமதி. மழை வந்தால் கரண்ட் போகலாம் என்றால் போனாலும் போகும். மூன்றையும் யாரும் நமக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித் தருவதில்லை. சொல்கிற தொனியிலேயே பிரித்துக்கொள்கிறோம். வேற்று மொழிக்குள் நுழைகிறவருக்கு அந்தத் தொனி கிடையாது. அவர் கையில் இருப்பதெல்லாம் பலகையில் இருப்பதுதான்.

“அக்கா, இதுக்குக் கால் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. போனாலும் போகலாம்னு அர்த்தம்” என்றேன்.

அவருக்கு உடனே விளங்கவில்லை. “அப்ப போகலையா?”

“நேத்து மதியம் வரைக்கும் போகல. காப்பாத்த முடியுமான்னு பார்க்கறாங்க.”

மகள் அழ ஆரம்பித்தாள். அக்கா அழவில்லை. நோட்டை என் கையிலிருந்து வாங்கி அந்த வரியை மறுபடி படித்தார். பிறகு, “நான் அவருகிட்ட போயிடுச்சுன்னு சொல்லிட்டேனே” என்றார்.

கதவைத் திறந்து உள்ளே போனோம். போலந்தில் அப்போது விடிந்துகூட இருக்காது. மற்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், விவரம் கேட்டார்கள், அவரவர் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்துகொண்டார்கள். அன்று பாடம் நடக்கவில்லை. யாரோ கீழே போய் டீ வாங்கி வந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் அக்காவிடம் நான் சொல்லியாக வேண்டியது ஒன்று இருந்தது. இரண்டு மூன்று முறை வாயெடுத்துவிட்டுக் கடைசியில் சொன்னேன்: அன்று நீங்கள் கேட்டது இதைத்தான், நான்தான் சொல்லித் தரவில்லை. பரவாயில்லை மிஸ் என்பார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். அவர் டீயைக் கீழே வைத்தார். “ஆமா, கேட்டேன்” என்றார். அவ்வளவுதான். அதில் கோபம் இல்லை, மன்னிப்பும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்.

பதினொன்றரைக்கு அந்த ஒரிசாக்காரர் எடுத்தார். நர்ஸிடம் கொடுத்தார். நான் பேசத் தொடங்குவதற்குள் அக்கா ஃபோனை வாங்கிக்கொண்டார். தன் குரலில் தானே கேட்க வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். ‘கேன் யூ சேவ் ஹிஸ் லெக்?’ ஒரு சொல்கூடப் பிசகவில்லை. உங்களால் அவர் காலைக் காப்பாற்ற முடியுமா என்பதை இதைவிடத் தெளிவாக நானும் கேட்டிருக்க மாட்டேன். நர்ஸ் நிதானமாகப் பதில் சொன்னார், நான் அக்காவின் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ரத்த ஓட்டம் இரவில் திரும்பியிருக்கிறது. நம்பிக்கை இருக்கிறது. இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லாம் சரியாகப் போனால் கோடைக்குள் அவர் நடக்கலாம். அந்தக் கடைசி வாக்கியத்திலும் ‘குட்’ வந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “இது போனாலும் போகலாம்ங்கற மாதிரி, நடந்தாலும் நடக்கலாம்ங்கறது. அப்படித்தானே?” என்றார். ஆமாம் என்றேன்.

பிறகு அவர் கணவர் பேசினார். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்ததால் வகுப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. கால் இருக்கிறது, நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று அக்கா மூன்று முறை சொன்னார். “மரத்துப்போற ஊசி போட்டிருக்காங்க. இப்ப கையால தொட்டா கால் இருக்குது. கால் மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. நேத்து மயக்கத்துல நீ சொன்னதும் அதயே நம்பிட்டேன்” என்றார் அவர். எழுந்து பார்க்க முயன்று கட்டிலிலிருந்து விழப்போனாராம். இரண்டு பேர் பிடித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். அப்போதுதான் அக்கா அழுதார்.

கால் தப்பியது. உள்ளே இரும்புக் கம்பி வைத்து, இன்னும் இரண்டு அறுவைச் சிகிச்சை செய்து, ஏழெட்டு மாதம் கழித்து அவர் ஊர் திரும்பினார். அந்தக் கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. வெல்டிங் வேலையை விட்டுவிட்டு, வீட்டருகே ஒரு கேட் செய்யும் பட்டறையில் மேற்பார்வைக்குப் போகிறார். அக்கா முதல் நிலையை முடிக்கவில்லை. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவே இல்லை. வேலை கூடிவிட்டது என்று செய்தி அனுப்பினார். நான் அதை நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் இல்லை. அடுத்த குழுவிலிருந்து குட் பாடத்தை இரண்டு நாளாக்கினேன். இரண்டாம் நிலையில் வருவதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யார் சேருவார்கள் என்று உரிமையாளர் கடிந்துகொண்டார். கேட்டுக்கொண்டேன், மாற்றவில்லை.

இப்போது எனக்குப் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை. போன மாதம் கடைவாய்ப் பல் வலி தாங்காமல், அக்கா அங்கேதான் இருப்பார் என்று தெரிந்தே அந்த மருத்துவமனைக்குப் போனேன். மேசையில் அவர்தான். தலையில் கொஞ்சம் நரை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, அவரு நல்லா நடக்கறாரு மிஸ் என்று, நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

எனக்கு முன்னால் ஒரு தம்பதி உள்ளே போயிருந்தார்கள். கணவருக்கு நாக்கின் ஓரத்தில் ஆறாத புண். கணவரை உள்ளேயே விட்டு வெளியே வந்த அந்தப் பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. மருத்துவர் அவரிடம் மட்டும் தனியாக, பாதி ஆங்கிலத்தில் பேசியிருக்க வேண்டும். கையில் பரிசோதனைச் சீட்டுடன் அந்தப் பெண் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றார். அக்கா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர் என்ன சொன்னார், அதே வார்த்தையைச் சொல்லுங்கள் என்று கேட்டார். அந்தப் பெண், ‘இட் குட் பி கேன்சர்’ என்றார்.

“இருந்தாலும் இருக்கலாம்னு சொல்லியிருக்காரு. இருக்குன்னு சொல்லல” என்றார் அக்கா. “டெஸ்ட் வந்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் உங்க வூட்ல யாருகிட்டயும் இருக்குதுன்னு சொல்லிடாதீங்கம்மா. அவருகிட்டயும் சொல்லாதீங்க.”

அந்தப் பெண் அவர் தோளில் சாய்ந்துகொண்டார். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பதற்கு யாரும் இல்லாததால் நான் போய் எடுத்தேன்.