கேட்டில் நின்ற பிரெஞ்சுக்காரர்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதம். செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் அம்மாவும் மகளும் குடியிருந்தார்கள். மகள் பிரசவத்துக்காக பிரான்ஸிலிருந்து வந்திருந்தாள். கணவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அங்கே யாரையும் கட்டாயப்படுத்தி ராணுவத்தில் சேர்ப்பதில்லையாம். நம் பிள்ளைகள் கம்பெனியில் சேர்வதுபோல ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அவரும் ராணுவத்தில் சேர்ந்திருந்தார்.

அவரை ஏதோ ஒரு பாலைவன நாட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று வாரமாக போன் இல்லை. "ஏதாவது ஆச்சுன்னா போன்ல சொல்ல மாட்டாங்க ஆன்ட்டி, ஆர்மியிலேருந்து ஆளே நேர்ல வருவாங்க" என்று ஒருநாள் அவள் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலை பதினோரு மணி. அவள் அம்மா திருமுடிவாக்கத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். கேட்டில் ஒரு வெள்ளைக்காரர். ஒட்ட வெட்டிய முடி, இஸ்திரி கலையாத சட்டை, கையில் பழுப்பு உறை. அவள் பெயரைச் சொல்லி ஆங்கிலத்தில் கேட்டார். அவள் சொன்ன ஆர்மி ஆள்தான் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நிறைமாதக்காரி, இரவெல்லாம் புரண்டுவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். அவள் அம்மா வரும்வரையாவது தெரியாமல் இருக்கட்டும் என்று, "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், கூசாமல் பொய் சொன்னேன்.

மனிதர் போகவில்லை. அந்தக் கத்திரி வெயிலில் எதிர்க்கடை ஓரமாக ஒரு மணி நேரம் நின்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பதும் ஜெபம் பண்ணுவதுமாக இருந்தேன்.

அதற்குள் துணி எடுக்க பால்கனிக்கு வந்தவள் அவரைப் பார்த்துவிட்டாள். ஓவென்று ஒரு சத்தம். பதறிக்கொண்டு மாடிக்கு ஓடினால், அவள் சிரித்தபடி கையாட்டிக்கொண்டிருக்கிறாள்! கணவரின் படைப்பிரிவு நண்பராம், கல்யாணத்துக்குக்கூட வந்தவராம். லீவில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவரிடம் கடிதம் கொடுத்தனுப்பியிருக்கிறார் கணவர். அவர்கள் இருந்த இடத்தில் போனுக்கு அனுமதியில்லை, அவ்வளவுதான்.

தக்காளியாய்ச் சிவந்திருந்த அந்த மனிதருக்கு மோர் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சொன்னாள். "கீழ் வீட்டு ஆன்ட்டி லேசுல உள்ள விட மாட்டாங்க, இருந்து குடுத்துட்டு வான்னு எங்க வீட்டுக்காரர் இவர்கிட்ட சொல்லி அனுப்பினாராம். நீங்க கீழ இருக்கீங்கன்ற தைரியத்துலதான் அங்க நிம்மதியா தூங்குறாராம் ஆன்ட்டி."

சமையலறைக்குள் போய் நன்றாக அழுதேன். அதுவரை நான் வாடகைக்கு வீடு விட்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். எங்கேயோ காவலுக்கு நின்ற அந்தப் பிள்ளை, தன் வீட்டுக் காவலை என்னிடம் விட்டுப் போயிருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.