கருப்பட்டியும் சீனிதான்

மூணாவதா உண்டானப்ப சொந்தபந்தம் பூராம் ஒரே பேச்சு. "ரெண்டும் பயலாப் போச்சுல்ல, பொம்பளப் புள்ளைக்கு ஆசைப்படுறா." நான் மறுக்கல. பேசிட்டுப் போறாங்கன்னு விட்டுட்டேன். எனக்கு ஆணோ பொண்ணோ எதுவானாலும் சரிதான். பெத்த ஒடனே புள்ளைய என் நெஞ்சுல போட்டு வச்சுக்கணும், அவ்வளவுதான் என் ஆசை. இதை வெளிய சொன்னா, "இதுக்காகவாடி இன்னொண்ணு பெத்துக்கிறே, கூறு கெட்டவளே"ன்னு கேப்பாங்க. ஆமா, இதுக்காகத்தான்.

ரெண்டு புள்ள பெத்தவ நான். ரெண்டையும் பெத்த அன்னைக்குத் தொட்டதே கிடையாது.

மூத்தவன் வயித்துல இருந்தப்ப நாங்க மலை மேல தோட்டத்துல இருந்தோம். காயெடுப்பு நேரம், ஓயாத மழை. ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருக்குப் பக்கத்துலயே ரெண்டு ரூம்பு வீடு. கீழ போடிக்கு எறங்கி டாக்டரைப் பாக்கணும்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, "அடுத்த வாரம் ஜீப்பு லோடோட போயிரலாம் புள்ள"ம்பாரு. அந்த அடுத்த வாரம் எட்டாம் மாசத்துலதான் வந்துச்சு. ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் தண்ணி குடிக்கச் சொல்லி, ரெண்டு மணி நேரம் உக்கார வச்சு ரத்தம் எடுத்தாங்க. சீனி எக்கச்சக்கமா இருந்துச்சு. எனக்கு வயசு இருபத்தி நாலு, எங்க வம்சத்துல யாருக்கும் சீனி வியாதி இல்ல. மிசின்தான் தப்பாக் காட்டுதுன்னு நர்ஸ்கிட்ட சண்டைக்குப் போனேன். மிசின் சரியாத்தான் காட்டியிருக்கு.

தேனியில ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. நாலு கிலோவுக்கு மேல, குண்டுக்கட்டையா ஒரு பய. தாய்க்குச் சீனி கூடுனா புள்ள கொழுத்துரும், கொடியை அறுத்ததும் புள்ளைக்குச் சீனி சடக்குன்னு எறங்கிரும்னு அப்புறந்தான் சொன்னாங்க. இவனுக்கு மூச்சும் வாங்குச்சு. ஒரு துணிச் சுருளைத் தூரத்துல இருந்து காட்டிட்டு, ஆம்புலன்ஸ்ல ஏத்தி மதுரைக்குக் கொண்டு போயிட்டாங்க. அவர் கூடப் போனாரு. நான் தையலோட தேனியில கெடந்தேன். மூணாம் நாள் பால் கட்டி, ஜாக்கெட்டெல்லாம் நனைஞ்சு போச்சு. சுவத்தைப் புடிச்சுக்கிட்டே நடந்து போய் வாஷ்பேசின்ல பீச்சி ஊத்துனேன். பக்கத்துக் கட்டில்காரி புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே என்னைப் பாத்தா. அவ மேல அப்படி ஒரு பொறாமை எனக்கு. அஞ்சாம் நாள் மதுரைக்குப் போய்த்தான் எம்புள்ளையத் தூக்குனேன்.

பெத்ததும் எனக்குச் சீனி எறங்கிருச்சு. விட்டுச்சுடா சனியன்னு இருந்தேன். "அடுத்த தடவை உண்டானதும் வெரசா வந்துருங்க, இது திரும்பி வர்ற சாதி"ன்னு டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்புனாங்க. நாலு வருசம் கழிச்சு ரெண்டாவது நின்னப்ப நானும் வெரசாத்தான் போனேன். மூணாம் மாசத்துலயே சீனி வந்து நின்னுச்சு.

அந்தத் தடவை மலைக்கே போகல, போடியிலயே இருந்தேன். சீனியை வீட்டுக்குள்ளயே விடல. எங்க பக்கம் பொண்ணு உண்டாயிருந்தா சொந்தக்காரவுக முறை வச்சு ஆக்கிக் கொண்டாருவாக. வாங்கித் திங்காம இருக்கக் கூடாது, ஆசைப்பட்டதைத் திங்காட்டி புள்ளைக்குக் காதுல சீழ் வடியும்பாக. எனக்குச் சீனி ஆகாதுன்னு எல்லாருக்கும் தெரியும். பாசக்காரவுக இல்லையா, அதுக்கும் ஒரு வழி கண்டுபுடிச்சாக. ராசிங்காபுரத்துல இருந்து எங்கம்மா கருப்பட்டிப் பணியாரம் தூக்குவாளி நெறையக் கொண்டாந்துச்சு. பெரியம்மா கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. சின்னத்தை மலைத்தேன். "சீனி ஒரு துளி சேக்கல ஆத்தா, பூராம் கருப்பட்டி, ஒடம்புக்கு நல்லது"ன்னு சொல்லிச் சொல்லி ஊட்டுனாக. நானும் நல்லா வாயைத் தொறந்து வாங்கித் தின்னேன். இதுல நான் பி.எஸ்சி. வேதியியல் வேற. படிச்சதையெல்லாம் பணியாரத்தோட சேத்து முழுங்கிட்டேன் போல.

அதைவிடக் கொடுமை ஒண்ணு பண்ணேன். ரத்தம் குடுக்கப் போறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி இருந்து வெறும் மோரும் வெள்ளரிக்காயுமா இருப்பேன். பரீட்சைக்கு முந்துன நாள் படிக்கிற மாதிரி. நம்பர் ஓரளவு அடங்கி வரும். "பரவாயில்ல, இப்படியே இருங்க"ன்னு டாக்டரம்மா பாராட்டுவாங்க. நான் பெருமையா வீட்டுக்கு வந்து பணியாரம் திம்பேன். கடைசி மாசத்துல வயித்தை ஸ்கேன் பண்ணி, புள்ள பெருத்திருக்கிறதைப் பாத்துட்டு, அவங்க கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு என்னைப் பாத்தாங்க. "யாரை ஏமாத்துறோம்னு தெரியுதாம்மா?"

ரெண்டாவது பயலையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இந்தத் தடவை மதுரைக்கு இல்ல, அதே ஆஸ்பத்திரியில மேல் மாடியில புதுசா தொறந்த பச்சப்புள்ளைக வார்டுக்கு. ரெண்டே நாள்தான். ஆனா அந்த ரெண்டு நாளும் எந்தலைக்கு மேல எங்கயோ ஒரு புள்ள அழுதுக்கிட்டே இருந்துச்சு. அது என் புள்ளையா வேற புள்ளையான்னு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல. அதுதான் என்னைக் கொன்னுச்சு. முதல்ல நடந்தது தெரியாம நடந்தது, இது நானே தின்னு தேடிக்கிட்டது.

அதுக்கப்புறம் யாரு வீட்டுலயாவது புள்ள பெத்தா நான் போய்ப் பாக்குறதில்ல. ஒருநா பஸ்சுல பக்கத்து சீட்டுல ஒருத்தி பச்சப் புள்ளையைச் சேலைக்குள்ள போட்டு, மாரோட அணைச்சுக்கிட்டுத் தூங்கிட்டு வந்தா. பொட்டிபுரம் விலக்கு தாண்டுற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். எறங்கி வீட்டுக்கு வந்து அவர்கிட்ட சொன்னேன், இன்னொண்ணு வேணும்னு. "ஏ புள்ள, பட்டது பத்தாதா?"ன்னாரு. பத்தலன்னேன்.

மூணாவது தடவை சீனி ரெண்டாம் மாசமே வந்துருச்சு. டாக்டரம்மாகிட்ட வெக்கத்தை விட்டுக் கேட்டேன். "இந்தப் புள்ளையையாச்சும் பெத்ததும் எங்கிட்ட குடுப்பீங்களாம்மா?" அவங்க சிரிக்கல. "சீனி உங்க கையில அடங்கியிருக்கணும். புள்ளைக்கும் எறங்காம இருக்கணும். அப்படின்னா நானே எடுத்து வைக்கிறேன்"னாங்க.

ஊசி போட்டா ஆயுசுக்கும் ஊசிதான்னு பயங்காட்டுனவுக பேச்சையெல்லாம் காதுல வாங்கல. இட்லி மாவுக்குப் பக்கத்துல ஃப்ரிட்ஜுல இன்சுலின் இருந்துச்சு. தொடையில நானே போட்டுக்குவேன். விரல் நுனியெல்லாம் குத்திக் குத்திக் காய்ச்சுப் போச்சு. சோறு ஒரு கரண்டி, கீரை, முட்டை, தின்ன கையோட தெருவுல நாலு நடை. மாம்பழக் காலம் வேற. தோப்புல இருந்து வண்டி வண்டியா பழம் போகும், வாசம் வீட்டுக்குள்ள வந்து என்னைத் தேடும். மூத்தவனும் சின்னவனும் எனக்குத் தெரியாமத் திங்கிறதா நெனச்சுக்கிட்டு மாடியில ஒக்காந்து திம்பானுக. கொட்டையைக் கூட மோந்து பாத்திருக்கேன்னா பாத்துக்கோங்களேன்.

எங்கம்மா வழக்கம்போல தூக்குவாளியோட வந்து எறங்குச்சு. வேண்டாம்னேன். "பெத்தவ கையால குடுக்கிறதைத் தள்ளுறியேடி, புள்ளைக்கு ஆகுமா?"ன்னு மூக்கைச் சிந்துச்சு. எனக்குக் கோவம் சுருக்குன்னு ஏறிருச்சு. "இந்தா பாரு"ன்னு சீனி பாக்குற மிசினைக் கொண்டாந்து முன்னாடி வச்சேன். விரலைக் குத்திக் காட்டுனேன், தொண்ணூத்தி ரெண்டு. அப்புறம் அம்மா கொண்டாந்த பணியாரம் ரெண்டே ரெண்டு எடுத்துத் தின்னேன். அது கண்ணு முன்னாடியே ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி குத்துனேன். நூத்தி எண்பத்தி ஏழு. எங்கம்மாவுக்கு எழுத்து வராது, நம்பர் நல்லா வரும். "அடி ஆத்தி! ரெண்டு பணியாரத்துக்கா?" "அப்ப போன தடவை நாந்தானா..."ன்னு ஆரம்பிச்சுச்சு. "நாந்தாம்மா தின்னேன், நீ ஏன் அழுகுறே"ன்னு நானும் அழுதேன். அடுத்த வாரத்துல இருந்து தூக்குவாளியில தட்டாம்பயறுச் சுண்டல்தான் வந்துச்சு. வர்ற சொந்தத்தையெல்லாம் வாசல்லயே மறிச்சு, "கருப்பட்டியும் சீனிதான், எடுத்துட்டுப் போங்க"ன்னு வெரட்டுனதும் எங்கம்மாதான்.

பெறுற அன்னைக்கு ஆபரேஷனுக்காக முதுகுல ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழ மரத்துப் போய்க் கெடந்தேன். அழுகைச் சத்தம் கேட்டுச்சு. "பையன்"னு யாரோ சொன்னாங்க. அந்தச் சத்தம் தூரமாப் போயிருமோன்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். போகல. கிட்டத்துல வந்துச்சு. டாக்டரம்மா சொன்ன சொல்லு தப்பல, ஈரம் காயாத புள்ளையை எடுத்து என் நெஞ்சுல வச்சாங்க. சூடு. அப்படி ஒரு சூடு. ஆனா அப்பவும் நான் நம்பல. ஒரு மணி நேரங்கழிச்சு நர்ஸ் வந்து அவன் குதிங்கால்ல குத்தி ரத்தம் எடுத்தா. மூச்சை விடாமப் பாத்துக்கிட்டு இருந்தேன். "நல்லா இருக்கு. நீங்களே வச்சுக்கோங்க"ன்னுட்டுப் போயிட்டா. நீங்களே வச்சுக்கோங்க. அந்த வார்த்தைக்காக ஒம்பது வருசம் ஆச்சு எனக்கு.

சாயங்காலம் சொந்தமெல்லாம் வந்து, "அடடா, மூணும் பயலாப் போச்சே"ன்னு எனக்காக வருத்தப்பட்டுட்டுப் போனாக. எனக்குச் சிரிப்புத் தாங்கல, சிரிச்சா தையல் இழுக்குது. அவுகெல்லாம் போனதும் மூத்தவன் மட்டும் கட்டில் ஓரமா நின்னு, தம்பி என் நெஞ்சுல தூங்குறதையே பாத்துக்கிட்டு இருந்தான்.

"நான் பொறந்தப்பவும் இப்படித்தான் வச்சிருந்தியாம்மா?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். வாய் வரல. "இல்லப்பு. ஒன்னை மதுரைக்குக் கொண்டு போயிட்டாங்க. அஞ்சாம் நாள்தான் தூக்குனேன்."

"அப்ப நாலு நாளும் அப்பா வச்சிருந்தாரா?"

"அப்பாவை உள்ள விடல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் நின்னாரு."

அவன் தம்பி முதுகுல லேசா கை வச்சான்.

"அப்ப என்னை யாரும்மா தூக்குனது?"

ஒம்பது வருசமா எனக்குக் கிடைக்காததை நெனச்சே ஏங்கியிருக்கேன். அவனுக்குக் கிடைக்காததை ஒருநாளும் நெனச்சதில்ல. அழுதப்ப யாராவது தூக்குனாங்களா, தூக்காமயே விட்டுட்டாங்களா, எதுவும் எனக்குத் தெரியாது.

"தெரியலப்பு"ன்னேன்.