மாவுக் கையும் மேல்வீட்டுப் பூட்டும்

மேல்வீட்டுக்கு நம்பர் பூட்டு போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது நான்தான். என் வீட்டுக்காரர் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவார். சொல்லட்டும். இந்தத் தீவில் மின்னி பே என்கிற இடத்தில் இருக்கும் எங்கள் மாடியைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட ஆரம்பித்த புதிதில் எத்தனை சாவி மெயின்லாண்டுக்குப் பறந்தது என்று எனக்குத்தான் தெரியும். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பிளேன் ஏறிவிடுவார்கள். சென்னையில் இறங்கிய பிறகு, "ஸாரி ஆன்ட்டி, கீ எங்ககிட்டயே வந்திருச்சு" என்று போன் வரும். லம்பா லைன் கடைத்தெருவில் சாவி செய்து தருகிறவர் என்னைத் தூரத்தில் கண்டாலே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பூட்டு கப்பலில் வந்து சேர்ந்தது. வருகிறவர்களுக்குப் போனிலேயே ஒரு நம்பர் அனுப்பிவிடலாம். கிளம்ப வேண்டிய நாளன்று காலை பத்து மணிக்கு அந்த நம்பர் தானாகச் செத்துவிடும். என் வீட்டுக்காரருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. அதோடு விட்டாரா? விளக்கு, ஏசி எல்லாவற்றையும் போனோடு சேர்த்துவைத்தார். டெலானிபூர் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு மாடி விளக்கை அணைத்துவிட்டு, அணைந்ததா பார் என்று என்னைக் கூப்பிடுவார். "அங்க வேலையே குடுக்க மாட்டாங்களா உங்களுக்கு?" என்று கேட்பேன்.

பூட்டு மாட்டிய அன்று, "உன் விரல் ரேகையையும் இதுல ஏத்திடறேன், வா" என்று கூப்பிட்டார். நான் அப்போது இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். "கையெல்லாம் மாவுங்க" என்றேன். "ஒரு விரல் போதும், சட்டுனு வந்துட்டுப் போ" என்றார். போனேன், வைத்தேன், வந்தேன். அந்த நாளோடு சரி, அந்தப் பூட்டு எனக்குத் திறந்ததே இல்லை. கட்டைவிரலை வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். பூட்டுக்குள் இருக்கிற பொம்பளை ஒருத்தி இங்கிலீஷில், மறுபடி முயற்சி செய் என்பாள். "பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு உன் ரேகையே அழிஞ்சு போச்சு" என்று அவர் சிரித்தார். யார் சாப்பிட்ட பாத்திரம் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மாடியைப் பெருக்கப் போனால் அவருக்குப் போன் செய்வேன், அவர் ஆபீசிலிருந்தே திறந்துவிடுவார். என் போனிலும் அதைப் போட்டுத் தருகிறேன் என்றார். உங்கள் பொம்மை எனக்கு வேண்டாம் என்றேன். வாய்க்கொழுப்புதான், வேறென்ன.

ஒரு வாரம் அவர் டியூட்டிக்காக நிக்கோபார் கப்பலில் போயிருந்தார். நடுக்கடலில் போன் எடுக்காது. பூட்டுக்கு அவசரச் சாவி ஒன்று உண்டு, அதுவும் அவர் சாவிக்கொத்தோடு கப்பல் ஏறியிருந்தது. மாடியில் திருச்சியிலிருந்து ஒரு சின்னக் குடும்பம் தங்கியிருந்தது, புருஷன், பெண்டாட்டி, அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த ஒரு பையன். அன்று காலை அவர்கள் காலி செய்துவிட்டு ஹேவ்லாக் தீவுக்குப் போக வேண்டும். காற்று பலமாக இருந்ததால் போட்டை கேன்சல் செய்துவிட்டார்கள். எங்கள் ஊரில் இது புதிதா? "இருங்க, இன்னைக்கு எங்கயும் போக வேண்டாம்" என்று நான்தான் மேலே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பையனின் அப்பா டிக்கெட்டை மாற்ற, போட் ஏறுகிற ஜெட்டிக்குக் கிளம்பினான். பத்து மணி என்று ஒன்று இருப்பது எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

மழை கொஞ்சம் விட்டிருந்தது. நான் கீழே மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். மேலே கதவு அறைகிற சத்தம் கேட்டது. காற்றுக்குக் கதவு அறைவது இங்கே சாதாரணம், நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. அப்புறம் அந்தப் பெண் கத்துகிற சத்தம் கேட்டது.

மாவுக் கையோடு மாடிப்படி ஏறினேன். அவள் நைட்டியில், கையில் ஈரத் துணியோடு கதவு முன்னால் நின்றுகொண்டு நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தாள். கொடியில் கிடந்த துணியை எடுக்க வெளியே வந்திருக்கிறாள். காற்றில் கதவு சாத்திக்கொண்டது, பூட்டும் பூட்டிக்கொண்டது.

"நம்பர் எடுக்கலக்கா. காலைலகூட எடுத்துச்சு. புள்ள உள்ள இருக்கான்க்கா. அடுப்புல குக்கர் இருக்கு."

எனக்கு அப்போதுதான் பத்து மணி உறைத்தது.

ஆனால் ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருந்தேன். தங்க வருகிறவர்களை நம்பி வீட்டுக்குள் கேஸ் வைக்க எனக்கு மனசில்லை. சிலிண்டரைப் படிக்கட்டுத் திருப்பத்தில் கம்பிக்கூண்டுக்குள் வைத்து, சுவர் வழியாக டியூபை உள்ளே விட்டிருந்தேன். ஓடிப்போய் அதைத் திருகி அணைத்தேன். குக்கர் அடங்கியது. அப்பாடா என்று நிமிர்ந்து, எதற்கும் கேட்டு வைப்போம் என்று, "பாத்ரூம் கதவு சாத்தியிருக்கா?" என்றேன்.

எங்களுக்குக் குழாயில் தினமும் தண்ணீர் வராது. வருகிற அன்று பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லி அகலமான டப் ஒன்று நானே வாங்கிப் போட்டிருந்தேன். அன்று தண்ணீர் வருகிற நாள்.

"திறந்துதான் இருக்கு. டப் நெறய பிடிச்சு வச்சிருக்கேன்" என்றாள்.

பையன் முதலில் கதவுக்குப் பின்னால் நின்று அம்மா அம்மா என்று அழுதுகொண்டிருந்தான். பிறகு அழுகை தள்ளிப் போனது. தண்ணீர் தெறிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அவள் கதவில் வாயை வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டில் இருக்கும் தெலுங்குக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், ஓடி வந்தார். "க்யா ஹுவா, பாபி?", என்ன ஆச்சு அண்ணி என்று இந்தியில் கேட்டவர், விஷயம் தெரிந்ததும் திரும்பி ஓடிக் கடப்பாரையோடு வந்தார். கதவு எங்கள் ஊர்ப் படாக் மரம். தேக்கையும் தூக்கிச் சாப்பிடும் என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் தட்டித் தட்டிக் காட்டிய கதவு. கடப்பாரை வழுக்கி வழுக்கித் தரையில் விழுந்தது. ஜன்னல்களில் கம்பி. அதையும் நல்ல கம்பியாகப் பார்த்துப் போட்டதும் நாங்கள்தான்.

"பாபி, ஆப்கா உங்லி?" என்று அவர் விரலைக் காட்டினார். உங்கள் விரல் எடுக்காதா என்கிறார். எங்கே எடுத்தது அது? இருந்தாலும் புடவையில் மாவைத் துடைத்துவிட்டுக் கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு. பூட்டுக்குள் இருக்கிற பொம்பளை, இன்னும் ஒரே ஒரு முயற்சிதான் என்றாள். அந்தப் பெண் அத்தனை தடவை நம்பரை அழுத்தியிருக்கிறாள் இல்லையா, இன்னொன்று தப்பினால் கொஞ்ச நேரத்துக்கு யார் தொட்டாலும் திறக்காது என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அந்தக் கொஞ்ச நேரம் எங்களிடம் இல்லை.

கையைப் பார்த்தேன். துடைத்தும் நகக்கண்ணில் மாவு ஒட்டியிருந்தது. அன்றைக்கும் இந்தக் கை இப்படித்தான் இருந்தது. அப்படியென்றால் இந்தக் கையையா அவரிடம் நீட்டியிருப்பேன்? புதுப் பூட்டில் மாவு படும் என்று எத்தனை பத்திரமாக நின்றிருப்பார் அந்த மனிதர். நான் நீட்டியது இடது கை. அதற்கப்புறம் இத்தனை நாளும் வலது கையை வைத்து வைத்து அந்தப் பூட்டைத் திட்டியிருக்கிறேன்.

"முருகா" என்று இடது கட்டைவிரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

அவள் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். பாத்ரூமிலிருந்து முதலில் வந்தது அந்தப் பையனின் சிரிப்பு. போய்ப் பார்த்தால், டப்பைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பி நிற்கிறான். ஏசி ரிமோட், அப்பாவின் செருப்பு, பிஸ்கட் பாக்கெட் என்று ஒவ்வொன்றாக உள்ளே போட்டிருக்கிறான். இனிப் போட ஒன்றும் இல்லாமல், செருப்பை எட்டி எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பில் பாதி டப்பின் விளிம்புக்கு மேலே இருந்தது.

அவள் அவனை வாரி எடுத்துக்கொண்டாள். நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். "ஹோ கயா பாபி, ரோ மத்" என்று என்னைத் தேற்றிய ஆட்டோக்காரரும் லுங்கி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று முழுக்க ஒரு சந்தோஷம், எதைக் கண்டாலும் சிரிப்பு வந்தது. மாவு புளித்துப் பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது, அதற்கும் சிரித்தேன்.

கப்பல் கரை சேர்ந்ததும் அவர் போன் செய்தார். நான் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டேன். "உங்க பூட்டுக்குப் பத்து மணி தெரியும், காத்தடிச்சா போட் ஓடாதுன்னு தெரியுமா?" எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மெதுவாக, "நீ இடது கைதானே குடுத்த. எனக்கு ஞாபகம் இருக்கே" என்றார்.

"அப்ப ஏங்க இத்தன நாளா சொல்லல?"

"நீ எந்தக் கைய வைக்கிறேன்னு எனக்கென்ன தெரியும்? நான்தான் ஆபீஸ்ல இருக்கேனே."

இப்போது எங்கள் வீட்டில் எந்த நம்பரும் கடிகாரத்தைப் பார்த்துச் சாவதில்லை. போட் ஏறிவிட்டோம், பிளேன் ஏறிவிட்டோம் என்று அவர்கள் போனில் சொன்ன பிறகு நானே அழிக்கிறேன். என் போனில், என் கையால்.

கடல் அடங்கி அவர்கள் கிளம்பிய அன்று, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டே அந்தப் பெண் என் இடது கையைப் பிடித்தாள். நான் சட்டென்று இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"அது இடது கைம்மா."

"தெரியும்க்கா" என்றாள். விடவில்லை. அந்தக் கட்டைவிரலை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு அதைப் பையனின் கன்னத்தில் வைத்தாள். அவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோ வந்து நின்ற பிறகும் விட மாட்டேன் என்றான்.