பேக்கிங் ஹாலில் மூன்று வாரம்

மின்விசிறி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு ‘சிரிக்காத மேடம்’ என்று பெயர். மனிதவளப் பிரிவில் லீவு விண்ணப்பமும் வருகைப் பதிவேடுமாகப் பத்தொன்பது வருஷம் ஓட்டியவள். கணவர் இறந்து எட்டு மாதம். அழுது தீர்த்து, மரத்துப்போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் கூப்பிட்டு, “இனிமே நிறுவன மேம்பாடு உங்க பொறுப்பு” என்றார். என்ன, ஏது என்று அவள் கேட்கவில்லை. தலையாட்டினாள்.

விற்ற விசிறிகள் கடகடவென்று சத்தம் போட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தன. மோட்டார் பிரிவு சூப்பர்வைசர், “பேக்கிங்ல தூக்கிப் போடுறாங்க” என்று கைகழுவிவிட்டார். அவள் பேக்கிங் ஹாலில் போய் உட்கார்ந்து, பெண்களோடு லேபிள் ஒட்டினாள். மூன்றாவது வாரம், அங்கே மூத்தவளான ஒருத்தி ஒரு மோட்டாரைக் கையால் சுற்றி, காதருகே வைத்துக் கேட்டு, “இது திரும்பி வரும்” என்றபடியே டப்பாவில் போட்டாள்.

“தெரிஞ்சுமா போடுறீங்க?”

“நாலு வருஷம் முன்னாடி சொன்னேன் மேடம். ‘உன் வேலை டப்பால போடுறதோட சரி’ன்னு எல்லார் முன்னாடியும் மூஞ்சியிலடிச்ச மாதிரி சொல்லிட்டாரு அந்த சூப்பர்வைசர். அதுக்கப்புறம் எங்களுக்கு என்ன வந்துச்சுன்னு விட்டுட்டோம்.”

மறுநாள் அவள் சூப்பர்வைசரை அழைத்து வந்தாள். அவர் முறைத்துக்கொண்டே நின்றார். மூத்தவள் முப்பது மோட்டாரில் ஐந்தை ஒதுக்கினாள். பிரித்துப் பார்த்தால், நாலில் அச்சைத் தாங்கும் பேரிங் கோணலாக உட்கார்ந்திருந்தது. அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா. இனிமே நேரா என்கிட்ட கொண்டு வா.”

அன்றிலிருந்து தினமும் காலையில் பத்து நிமிஷம் இரண்டு பிரிவும் ஒன்றாக நின்று பேசின. மூன்று மாதத்தில் திரும்பி வருவது பாதிக்குப் பாதி குறைந்தது.

மேனேஜர் கேட்டார்: “ஆளெடுக்கிறோம், சம்பளம் போடுறோம். அதுக்கு மேல இந்த மேம்பாடு எதுக்குன்னு முதலாளி கேட்டா என்ன சொல்றது?”

“தெரிஞ்சவங்க பயமில்லாம சொல்லணும் சார். செய்றவங்க காது கொடுத்துக் கேக்கணும். அதுக்கு வழி பண்றதுதான் மேம்பாடு.”

பெயின்ட் பிரிவையும் அவளிடமே ஒப்படைத்தார்கள். வீட்டில் மகளிடம் சொன்னாள்.

“நல்ல விஷயம்தானேம்மா, ஏன் இப்படி மொட்டையா சொல்றே? சந்தோஷமா இல்லையா?”

“தெரியலடி” என்றாள். துவைத்த துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.